அயனும் ஃபெரிட்டினும் ஒன்றில்லை

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் இரைப்பை பைபாஸ் ஒப்பரேஷன் செய்து 14 மாதம். கொழும்புக்குப் போனது, ஒப்பரேஷன், ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது, அதை விடுகிறேன். 118 கிலோ இருந்த நான் இப்போது 79. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 இலிருந்து 5.5 ஆகி, சீனி வருத்தக் குளிசையான மெட்ஃபோர்மினை டொக்டரே நிறுத்திவிட்டார். இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைட் பாதியாகிவிட்டது. ஆறாம் மாத ரிப்போர்ட்டைப் பார்த்து அம்மா அழுதா, மாமாங்கக் கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தா.

அந்தச் சந்தோஷத்தில் மற்ற இலக்கங்களை நான் பார்க்கவே இல்லை.

பத்தாம் மாதம் போல பள்ளிக்கூட மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. முடி கொட்டியது, ஆனால் ஒப்பரேஷனுக்குப் பிறகு கொஞ்சக் காலம் கொட்டும் என்று முதலே சொல்லியிருந்தார்கள், அதனால் கணக்கெடுக்கவில்லை. ஐஸ்கட்டி தின்னும் ஆசை வேறு வந்தது, இரவு பிரிஜ்ஜைத் திறந்து கடகடவென்று கடித்துக்கொண்டு நிற்பேன். அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது.

டொக்டர் தந்த துண்டில் செய்ய வேண்டிய இரத்த டெஸ்டுகளாக ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், விட்டமின் டி, பிடிஎச் என்ற ஹோர்மோன் எல்லாம் இருந்தன. டவுனில் ஒரு லேப்புக்குக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த தம்பி துண்டைப் பார்த்துவிட்டு, "ஃபெரிட்டின், பி12 எல்லாம் இங்க இல்ல அக்கா, கொழும்புக்கு அனுப்பணும். அயன் செய்து தாறன், ரெண்டும் ஒண்டுதான்" என்றார். நானும் சரி என்றேன். போதாக்குறைக்கு அன்று காலை ஆறு மணிக்கு இரும்புக் குளிசையும் போட்டிருந்தேன். அயன் நார்மல் என்று வந்தது. ஹீமோகுளோபின் 11.8, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும், கொஞ்சம்தானே குறைவு என்று நினைத்தேன்.

அந்த ரிப்போர்ட்டோடு லீவு போட்டு, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். டொக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஃபெரிட்டின் எங்கே?" அயன் என்பது அந்த நேரத்தில் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு, குளிசை போட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால் கூடுதலாகக் காட்டும், உடம்பில் சேர்த்து வைத்திருப்பதைச் சொல்வது ஃபெரிட்டின், அதுதான் முதலில் வற்றும், ஹீமோகுளோபின் பிறகுதான் விழும் என்று விளங்கப்படுத்தினார். இரும்பை அதிகமாக உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி, பைபாஸில் சாப்பாடு அந்தப் பக்கமே போகாது. அங்கேயே திரும்ப இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது: ஃபெரிட்டின் 5. பி12 168. இரண்டுமே குறைவு.

பி12 ஈரலில் நிறைய சேர்ந்திருக்கும், அதனால் குறைவது மெதுவாகத்தான் தெரியவரும். முதல் ரிப்போர்ட் நல்லது என்று விட்டுவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது அதற்காகத்தான்.

இரத்த நாளம் வழியாக இரண்டு தரம் இரும்பு ஏற்றினார்கள், பி12 ஊசி மாதம் ஒன்று. இரண்டு மாதத்தில் ஃபெரிட்டின் 64! ஐஸ் ஆசை அதற்கு முதலே போய்விட்டது.

உங்களுக்கும் இந்த ஒப்பரேஷன் நடந்திருந்தால், இரும்புக் குளிசையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள், நான் மாதக்கணக்காக அதைத்தான் செய்திருக்கிறேன். கல்சியம் குளிசைக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். முடிக்கென்று பாமசியில் பயோட்டின் வாங்கிப் போடுகிறீர்கள் என்றால் தைரொய்ட் டெஸ்டுக்கு முதல் டொக்டரிடம் சொல்லுங்கள், அது சில மெஷின்களில் முடிவைப் பிழையாகக் காட்டும். பைபாஸ் செய்தவர்கள், குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லும் டெஸ்ட் என்றால் குடிக்க முதல் ஒப்பரேஷன் விஷயத்தைச் சொல்லுங்கள், படபடப்பும் மயக்கமும் வரலாம். லேப்பில் துண்டில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள்.

போன கிழமை அடுத்த டெஸ்டுக்கு அதே லேப்புக்குத்தான் போனேன். ஃபெரிட்டினைக் கொழும்புக்கு அனுப்பினால் எத்தனை நாள் எடுக்கும் என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன்.

"நாலு நாள் அக்கா."