பிரேக் அடித்தால் உதறும் வண்டி: டிஸ்க்கை மாற்றும் முன் ஹப்பைப் பாருங்கள்

முன் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கும், அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடும் புதிதாகப் போட்ட வண்டி. சில மாதம் நன்றாகத்தான் நின்றது. அப்புறம் அதே உதறல் மெல்லத் திரும்பி வந்தது. 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கில் லேசாகக் கால் வைத்தாலே ஸ்டீயரிங் இடமும் வலமுமாகத் துடிக்கும். வேகம் 40-க்குக் கீழே இறங்கியதும் அடங்கிவிடும். பட்டறையில் காட்டினால், "டிஸ்க் பெண்ட் ஆயிருச்சு சார், வேற ஜோடி போட்டுடலாம்" என்றார்கள். போட்டால் உதறல் நிற்கும், சந்தேகமில்லை. புது டிஸ்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டது என்பதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டியிருந்தது. அதனால் நானே அளந்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

கழற்றுவதற்கு முன், ஓட்டிப் பார்த்தே பாதிச் சந்தேகங்களைக் கழித்துவிடலாம். பிரேக்கைத் தொடாமல் அதே வேகத்தில் போனபோது வண்டி அமைதியாக இருந்தது. ஆக, வீல் பேலன்சிங் காரணமில்லை. நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம். என் வண்டியில் பின்னால் டிரம் பிரேக், ஹேண்ட் பிரேக்கும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் அதே ஷூவைத்தான் இழுக்கிறது. அதனால் வண்டிகள் வராத நேர்சாலையில், மிதமான வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். உதறல் இல்லை. பின்பக்கம் குற்றமற்றது. (எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக்கில் இதைச் செய்ய வேண்டாம். ஹேண்ட் பிரேக்குக்கென்று தனி ஷூ இருக்கும் வண்டிகளில் செய்தாலும் பயனில்லை.)

இந்த உதறல் பெரும்பாலும் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒருமுறை வருவது. டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 12 சுற்று. சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் எளிதில் அதிரக்கூடிய வேகம் அது. 40-இல் சுற்று பாதியாகிவிடுவதால் அதே கோளாறு கைக்குத் தெரிவதில்லை, ஆனால் டிஸ்க்கில் அது இருந்துகொண்டுதான் இருக்கிறது.

"பெண்ட்" என்று எல்லாரும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டிஸ்க் சூட்டில் வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போவது. கனமான இடம் பேடுக்கு நடுவே வரும்போது பிடி கூடுகிறது, மெலிந்த இடத்தில் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் பெடலில் துடிப்பாகவும் ஸ்டீயரிங்கில் உதறலாகவும் வருகிறது. இதற்கு 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே போதும். நாம் எழுதும் தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு!

சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன். பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரை இறக்கி, பிரேக் ஹோஸில் தொங்காதபடி கம்பியால் கட்டினேன். டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் சுழலும் பகுதிதான் ஹப். டிஸ்க் அதோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அளவு சரியாக வரும். அதனால் வாஷர் போட்டு வீல் நட்டுகளை இறுக்கினேன். டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்த ஸ்டாண்டில் மாட்டி, அதன் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினேன். இடது பக்கம் முள் 0.03 மில்லிமீட்டர் நகர்ந்தது. வலது பக்கம் 0.11! பல வண்டிகளுக்கு 0.05 முதல் 0.10 வரைதான் அனுமதி. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிறகு மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் கனம் பார்த்தேன். இடது டிஸ்க்கில் எல்லா இடமும் கிட்டத்தட்ட ஒன்று. வலது டிஸ்க்கில் 0.025 வித்தியாசம்.

டிஸ்க் கோணலா, அது உட்காரும் இடம் கோணலா? முள் அதிகம் ஏறிய இடத்தில் டிஸ்க்கிலும், அதற்கு நேராக ஹப்பிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். டிஸ்க்கைக் கழற்றி இரண்டு நட் தூரம் திருப்பி மாட்டி மறுபடி அளந்தேன். உச்சம் டிஸ்க்கோடு நகர்ந்திருந்தால் டிஸ்க்தான் காரணம். நகரவில்லை, ஹப்பின் கோட்டுக்கு நேராகவே நின்றது. டிஸ்க்கை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், ஹப்பின் முகத்தில் வீல் நட் மாட்டும் ஒரு ஸ்டட்டைச் சுற்றிப் பொருக்குத் தட்டிய துரு. பழைய டிஸ்க்கை எடுத்தவர்கள் அதைச் சுரண்டாமல், புதியதை அதன் மேலேயே மாட்டியிருக்கிறார்கள்.

ஹப்பின் முகம் சிறியது, டிஸ்க் பெரியது. ஹப்பின் ஓரத்தில் 0.05 துரு இருந்தாலே டிஸ்க்கின் ஓரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டம் வரும். ஆனாலும் முதல் நாளே உதறாது, ஏனென்றால் மிதக்கும் காலிப்பர் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நகர்ந்துவிடும். பிரேக் போடாமல் ஓடும்போதுதான் சேதம் நடக்கிறது. டிஸ்க்கின் துருத்திய இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. சில மாதம் கழித்து உதறல் திரும்பும் ரகசியம் இவ்வளவுதான். இது விளங்கிய கணத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

கம்பி பிரஷும் எமரி பேப்பரும் கொண்டு, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை ஹப்பைத் தேய்த்தேன். டிஸ்க்கின் உட்புறத்தையும் அப்படியே. வெறும் ஹப்பின் முகத்தில் கேஜை வைத்தபோது 0.02-க்குள் வந்தது, அப்படியானால் ஹப்பும் பேரிங்கும் நலம். அங்கேயே அதிகமாகக் காட்டியிருந்தால் டிஸ்க் பக்கம் போவதே வீண். காலிப்பர் நகர்ந்து ஓடும் ஸ்லைடு பின்கள் இரண்டும் விரலால் தள்ளினாலே ஓடின. புதிதாக, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் தடவி வைத்தேன்.

டிஸ்க் விளிம்பில் குறைந்தபட்சக் கனம் 20 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது, என்னுடையதில் 21.4 இருந்தது. அதனால் மாற்றாமல், இரண்டு பக்க டிஸ்க்கையும் லேத்தில் லேசாகக் கடைய வைத்தேன். லேத்தில் கோணலாகப் பிடித்துக் கடைந்தால் புதிய ஆட்டம் சேர்ந்துவிடும். ஆகவே மாட்டியபின் மறுபடி அளப்பதை விடக்கூடாது. வலது பக்கம் இப்போது 0.04. பேடும் புதிது போட்டேன்.

வீல் நட்டைக் காற்று கன்னால் ஒரே மூச்சில் அடித்து இறுக்குவதும் டிஸ்க்கைக் கோணலாக்கும். குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அதன்பின் பேடைப் பழக்க வேண்டும்: 60-லிருந்து 10 வரை மிதமாகப் பத்துத் தடவை குறைத்து, நடுவில் முழுதாக நிற்காமல், கடைசியில் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் பேடின் படிவு ஒட்டிக்கொண்டு, அதுவே புது உதறலுக்கு வித்தாகிவிடும்.

உதறல் முற்றிலும் போனது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மைக்ரோமீட்டர் வைத்தேன். கனத்தின் வித்தியாசம் 0.01-ஐத் தாண்டவில்லை. டிஸ்க் அளவெல்லாம் சரியாக இருந்தும் உங்கள் வண்டி உதறினால், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த புஷ் சின்ன உதறலையும் பெரிதாக்கிக் காட்டும். உதறலோடு வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் கீழே இறங்கினாலோ, ஓட்டிப் பார்க்கும் சோதனை எதுவும் வேண்டாம். வண்டியை நிறுத்தி, இருக்கும் இடத்துக்கே மெக்கானிக்கை வரவழையுங்கள்.