எங்கள் வீட்டில் இரண்டு அரும்பு, ஒரு மொட்டு

காலாண்டு லீவில் ஊருக்குள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் போட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து ஒரு பெண்கள் கல்லூரி, மந்தைக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் தங்கல். வந்ததும் கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள். அப்புறம் மரக்கன்று நட்டார்கள். நட்டதை ஆடு தின்றுவிட்டது. யார் வீட்டு ஆடு என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். அதற்குமேல் நடக் கன்று இல்லை என்றதும், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறதா என்று பார்க்கக் கிளம்பினார்கள். வெட்டு, நடவு எல்லாம் சுமுகமாகப் போன முகாமில் வம்பு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

கையில் கொண்டு வந்தது ஒரே ஒரு தாள். பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005லிருந்து நாடு முழுக்கக் கிராமங்களில் ஏசர் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறதே, அதில் வருகிற மாதிரியான தாள். ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள், பிறகு இரண்டு இலக்க எண்கள், பிறகு கடன் வாங்கிக் கழிக்கிற கழித்தல், கடைசியில் மூன்று இலக்கத்தை ஓர் இலக்கத்தால் வகுக்கிற வகுத்தல். ஆனால் கீழேயிருந்து ஏற்றிக்கொண்டு போவதில்லை. எடுத்ததும் கழித்தல். இரண்டு கணக்கும் சரியென்றால் வகுத்தலுக்கு ஏறலாம். தடுமாறினால் எண்களுக்கு இறக்கிவிடுவார்கள். மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு டிக், அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, நிதானமாக, பக்கத்தில் யாரும் வாய் திறக்காமல் கேட்க வேண்டும்.

பக்கத்தில் யாரும் வாய் திறக்காமல். எங்கள் தெருவில்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். மதினி பாயை விரித்து மின்விசிறியைப் போடுவதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா பாதி உருவிய முருங்கைக்கீரையோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். கடைக்கார மாமா கல்லாவைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். அவர் கடையைப் பூட்டுவது அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு மட்டும்தான் என்பது ஊரறிந்த விஷயம். தாத்தா மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. காது மிஷினை மாட்டிக்கொண்டார். அதுவே பெரிய மரியாதை.

முதலில் அண்ணன் மகன், சின்னவன். மூன்றாம் வகுப்பு. அறுபத்து மூன்றில் இருபத்தேழு.

"மூணுல ஏழு போகாது" என்றான். சபாஷ் என்று நினைத்தேன். "பக்கத்துல கடன் வாங்கணும்" என்றான் அடுத்து, கொஞ்சம் சத்தமாக.

எதிர்வீட்டு அக்கா கீரை உருவுவதை நிறுத்தினார். மதினி என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். குழுத் தவணைக்காக ஆடி மாதம் வாங்கியது இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பது எங்கள் நாலு பேருக்குள் இருந்த விஷயம்.

பயல் அதோடு விட்டானா? "அக்கா, கடன் வாங்குனா எப்பத் திருப்பிக் குடுக்கணும்?"

அந்தப் பொண்ணு பாவம், கணக்கைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "இதுல திருப்பிக் குடுக்க வேணாம் தம்பி" என்றது.

கடைக்கார மாமா எழுந்தே விட்டார். "இப்பிடித்தான்யா சொல்லிக் குடுக்குறாய்ங்க! அதான் ஊருக்குள்ள ஒருத்தனும் பாக்கியக் கட்ட மாட்டேங்குறான்." அவரை உட்காரவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. "நீங்க யாரும் பேசக் கூடாதுங்கய்யா" என்று அந்தப் பொண்ணு சொன்னது யார் காதிலும் விழவில்லை. காது மிஷின் மாட்டியிருந்த தாத்தா காதில் மட்டும் விழுந்தது. "பேசக் கூடாதாம்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆடு கத்தியது.

இதற்கிடையில் சின்னவன் வேலையில் இறங்கியிருந்தான். கடன் வாங்கியதில் மூன்று பதிமூன்றாகிவிட்டது. பதிமூன்றில் ஏழு. கைவிரல் பத்துதான். சம்மணம் போட்டிருந்ததால் கால்விரல் தொடைக்கடியில் மாட்டிக்கொண்டது. அங்கேயும் இங்கேயும் பார்த்தான். பக்கத்தில் அப்பத்தா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தது. அதன் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மூன்று விரலை மட்டும் பிரித்து நிமிர்த்தினான், மற்ற இரண்டையும் மடக்கினான். ஆள்காட்டி விரல் நுனியில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அப்பத்தா ஒன்றும் கேட்கவில்லை. வளையல்காரரிடம் கையைக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டு, வலது கையாலேயே வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டது. பயல் தன் விரலில் ஏழை மடக்கினான். தன்னுடையதில் மூன்று, அப்பத்தாவுடையதில் மூன்று. "ஆறு."

வெளியாள் விரலைச் சேர்க்கலாமா என்று தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை போல. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சரி என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்துப் பத்தாம் இடம். கடன் கொடுத்த ஆறு, ஐந்தாகியிருக்க வேண்டும். பயல் ஆறை ஆறாகவே வைத்துக்கொண்டு இரண்டைக் கழித்து, "நாப்பத்தாறு" என்றான்.

மதினி இருமினார். ஒரு இருமல் அல்ல, வரிசையாக மூன்று. அண்ணன் கதவுக்குப் பின்னால் நின்று மூன்று விரலைக் காட்டினான். கடைக்கார மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "டேய், கடன் குடுத்தவனுக்குக் குறையணுமா இல்லையா? எனக்கு மாசா மாசம் குறையுது, அந்த ஆறுக்கு மட்டும் எப்பிடிடா குறையாம இருக்கும்?" கழித்தலை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கொடுத்து நான் கேட்டதில்லை. ஆனால் பயல் அசரவில்லை. "திருப்பித் தர வேணாம்னு அக்கா சொன்னாங்கள்ல. அப்ப அது சும்மா குடுத்தது."

கடைக்கார மாமா உடனே கட்சி மாறினார். "தாள்ல கேட்டா இப்பிடித்தான் முழிப்பான். கடைக்கு வந்தா டக்குனு சொல்வான், பாருங்க" என்று அந்தப் பெண்களிடம். இதைக் கேட்டதும் எனக்கு ஆர்வம் வந்தது. 2025இல் நேச்சர் அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது, பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இத்தனை கிராம் உருளை, இத்தனை கிராம் வெங்காயம், மீதி இவ்வளவு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுகிறார்கள். அதே ஆட்களிடம் பள்ளிக்கூடத்துக் கணக்கைத் தாளில் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கெட்டியாக இருக்கிற பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு ஓட மாட்டேன் என்கிறது. சரி, நம் வீட்டிலேயே ஒரு சந்தைக் கணித மேதை இருக்கிறான் போல என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மாமா கேட்டார்: "பதினேழு ரூபா சாமான். அம்பது ரூபா குடுக்குற. நான் மீதி எவ்வளவு தருவேன்?"

"மீதி தர மாட்டீங்க. மூணு மிட்டாய் குடுத்துட்டு மிச்சம் நோட்டுல இருக்குன்னு சொல்லுவீங்க."

எதிர்வீட்டு அக்கா சிரித்த சிரிப்பில் கீரை மடியிலிருந்து கொட்டிவிட்டது. அன்றைக்கு மதினிக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

நேச்சர்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் மூன்றாவதாக ஒரு பிரிவு போட்டிருப்பார்கள்.

தாத்தாவுக்கு இந்தச் சிரிப்பெல்லாம் பிடிக்கவில்லை. வாய்ப்பாடு சொல்லத் தெரியாத காலம் என்று ஆரம்பித்தார். இது ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும்: திண்ணைப் பள்ளிக்கூடம், மணலில் விரல் தேய எழுதியது, வாத்தியார் பிரம்பு, நயா பைசா வந்து நாடு கெட்டது. 1957இல் நூறு பைசா ஒரு ரூபாய் என்று ஆக்கியதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பரிசோதிக்க வந்தவர்களையே பரிசோதித்தார். "ஏத்தா, முக்காலே மூணு வீசம்னா எம்புட்டு?"

ஒரு பொண்ணு கணிதம் முதுகலை. போனை எடுத்தது. போனில் வீசத்துக்குப் பட்டன் இல்லை. "முக்கால்வாசி... கிட்டத்தட்ட முழுசு?" என்று இழுத்தது.

"கிட்டத்தட்டன்னு ஒரு கணக்கா? ஒரு வீசம் பதினாறுல ஒண்ணு. முக்கால்னா பன்னெண்டு, மூணு வீசம் மூணு. பதினாறுல பதினஞ்சு. ரூபாய்க்குப் பதினஞ்சணா!" என்று கட்டிலைத் தட்டினார். சொன்னது அத்தனையும் சரி. அந்தப் பொண்ணு அதை நோட்டில் எழுதிக்கொண்டது வேறு. அதற்கப்புறம் நான்கு நாள் தாத்தாவைப் பிடிக்க முடியவில்லை. பால்காரரை, பால் சொசைட்டிக்குப் போகிறவரை, கரண்டு பில் எடுக்க வந்தவரை, எல்லாரையும் நிறுத்தி வீசம் கேட்டார்.

இந்தக் கூத்து முழுவதும் நடந்துகொண்டிருந்தபோது பெரியவள் என்ன செய்தாள் என்று யாராவது கேட்டீர்களா? அங்கேயும் யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு. இரண்டாவது பொண்ணு அவளைத் தனியாக அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்திருந்தது. கழித்தல் இரண்டும் முடித்துவிட்டாள். எழுநூற்று ஐம்பத்தேழை ஆறால் வகு. உதடு மட்டும் அசைந்தது: ஓராறு ஆறு, ஈராறு பன்னெண்டு, ஆறாறு முப்பத்தாறு. நூற்றிருபத்தாறு, மீதி ஒன்று. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கோட்டைக்கூட ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாள். ஏசரின் 2024 அறிக்கையில், கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் வகுத்தல் போடத் தெரிந்தவர்கள் நாடு முழுக்கச் சேர்த்தே 30.7 சதவீதம்தான். பத்தில் மூன்று. அப்படியொரு பிள்ளை கணக்கை முடித்துத் தாளை நீட்டிக்கொண்டு நின்றபோது, வீடே மூன்று மிட்டாய்க்குச் சிரித்துக்கொண்டிருந்தது. "போட்டுட்டியா, சரி, அந்த டம்ளரெல்லாம் எடுத்துட்டு வாத்தா" என்றார் மதினி.

எடுத்து வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

முகாம் கலைந்து போன மறுநாள் காலை பெரியவள் தலைமையில் ஒரு படை கிளம்பியது. கையில் பரீட்சை அட்டை, நூலில் கட்டிய பேனா, அவளே நோட்டுத் தாளில் எழுதிய வினாத்தாள். தெருவில் இருக்கிற பெரியவர்களுக்குக் கணக்கு வருகிறதா என்று பார்க்கிறார்களாம். பக்கத்தில் யாரும் பேசக் கூடாதாம். முடிவை வாசற்கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று தரம் பிரித்து உட்காரவைப்பதுதான் இவர்களுக்குப் பழக்கம். அதே மூன்றுதான் எங்களுக்கும்.

எதிர்வீட்டு அக்கா மொட்டு. கடைக்கார மாமா கூட்டல், கழித்தல், வட்டி எல்லாம் சரியாகச் சொல்லி மலர் வாங்கினார், கதவை இன்னும் துடைக்கவில்லை. ரைஸ்மில்லில் கணக்கு எழுதும் என் அண்ணன் அதே எழுநூற்று ஐம்பத்தேழுக்கு, "போனை எடுத்துக்கவா?" என்று கேட்டான். மொட்டு. பெற்ற மகள் என்ற கரிசனம் துளி இல்லை. மில்லுக்கு விஷயம் போய்விட்டது. இப்போது அங்கே அவனுக்கு அதுதான் பெயர். தாத்தா எல்லாவற்றுக்கும் வீசத்தில் பதில் சொன்னதால் அரும்பு. மதினி குழு நோட்டை எழுதுகிறவர், ஒரே மூச்சில் வகுத்துவிட்டு மலரானார். டம்ளரையும் அவரையே கழுவச் சொல்லிவிட்டுப் போனது படை.

அப்பத்தாவும் மலர். தாத்தா குதித்தார். "அவ பள்ளிக்கூட வாசலே மிதிச்சதில்ல, அவளுக்கு மலரா?"

"அப்பத்தாட்ட ஒண்ணும் கேக்கல. அது விரல் குடுத்துச்சுல்ல, அதுக்கு" என்றான் சின்னவன். பெரியவள் மறுப்புச் சொல்லாமல் எழுதிக்கொண்டாள்.

இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு என்ன போட்டார்கள் தெரியுமா? ஆரப்பாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் கதவில் தாத்தா பேருக்குக் கீழே என் பேர், அரும்பு. வராதவர்கள் எல்லாம் அரும்பாம். வகுத்தல் என்ன, வர்க்கமூலமே போட்டுக் காட்டுகிறேன் என்றேன். மன்றாடிப் பார்த்தேன். கடலை மிட்டாய் வாங்கி வந்தேன், வாங்கித் தின்றுவிட்டு அட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"முதல் பருவம் முடிஞ்சிருச்சு சித்தப்பா. இனி ரெண்டாம் பருவத்துலதான்."