கழுத்துக்கு ஒரு தலையணை

கழுத்து எலும்புத் தேய்மானம், மூன்று மாதத்துக்குத் தலையணையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்கம் வராத அந்த ராத்திரிகளில்தான் ஆர்தர் கோல்டனின் 'மெமாய்ர்ஸ் ஆஃப் எ கெய்ஷா'வைப் படித்து முடித்தேன். கெய்ஷா என்றால் ஜப்பானில் ஆடல், பாடல், பேச்சால் விருந்தினரை மகிழ்விப்பதைத் தொழிலாகக் கொண்ட பெண். அதனாலோ என்னவோ, 400 பக்கத்துக்கு மேல் ஓடும் அந்த நாவலில் மனசில் முதலில் ஒட்டிக்கொண்டது ஒரு தலையணை.

'தகாமகுரா' என்று பெயர். தலைக்கு இல்லை, கழுத்துக்கு! மெழுகு தடவி இழுத்துக் கட்டிய கொண்டை ஒரு வாரம் குலையாமல் இருக்க வேண்டுமே. தூக்கத்தில் கதாநாயகி சயூரியின் தலை சரிந்துகொண்டே இருக்கிறது. கீழே தாளை விரித்து அரிசியைக் கொட்டி வைக்கிறாள் கெய்ஷாக்கள் தங்கும் வீட்டிலிருக்கும் பெரியம்மாக்காரி. தலை சாய்ந்தால் அரிசி கொண்டையில் ஒட்டிக்கொள்ளும், மறுபடி சிகை அலங்காரக்காரரிடம் போய் நிற்க வேண்டும். உச்சி முடியை வருஷக்கணக்கில் இப்படி இழுத்துக் கட்டியதால் அங்கே சின்ன வழுக்கை விழுந்த மைக்கோக்கள் நிஜத்திலும் நிறையப் பேர். மைக்கோ என்றால் பயிற்சியில் இருக்கும் இளம் கெய்ஷா.

அரிசி வரைக்கும் சொல்கிறாளே, இது பொய்யாகவா இருக்கும் என்று நம்பித்தான் படித்தேன். நியூயார்க்கில் குடியேறிய வயதான கெய்ஷா சொல்லச் சொல்லப் பதிவு செய்தது என்று ஒரு பேராசிரியர் முன்னுரை வேறு. கடைசியில் பார்த்தால் பேராசிரியரும் கற்பனை, சயூரியும் கற்பனை. எழுதியவர் அமெரிக்க ஆண். ஏமாந்த கோபம் இரண்டு நாள் இருந்தது.

கோபப்பட நிஜமான காரணம் இருந்தது இன்னொருவருக்கு. கியோத்தோவின் கியோன் பகுதியில் பேர்பெற்ற கெய்ஷாவாக இருந்த மினெகோ இவாசாகியைப் பேட்டி கண்டுதான் கோல்டன் எழுதியிருக்கிறார். 1997-இல் வந்த புத்தகத்தின் நன்றியுரையில் அவர் பெயரையும் போட்டுவிட்டார். பெயரை வெளியிடுவதில்லை என்ற வாக்கை மீறிவிட்டதாக 2001-இல் வழக்குப் போட்டார் மினெகோ. 2003-இல் சமரசமாக முடிந்தது. நாவலில் சயூரியின் கன்னிமை ஏலத்துக்குப் போகிறதே, அந்த 'மிசுவாகே', தனக்கு அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்பது அவருடைய பெரிய ஆட்சேபம். ஏலம் நடக்கும் அத்தியாயத்தை மூச்சு விடாமல் படித்தவள் நான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

மினெகோ 2002-இல் தன் கதையைத் தானே எழுதினார். அதில் நாட்டியம், உழைப்பு, வீட்டு நிர்வாகம், போட்டி, அலுப்பு. 29 வயதில், புகழின் உச்சத்தில், போதும் என்று விலகிவிடுகிறார். சயூரியோ சின்ன வயசில் ஒரு ஆள் கொடுத்த கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாழ்க்கை முழுக்க அவரையே நினைத்திருக்கிறாள். எனக்கு அது ஒட்டவே இல்லை.

எனக்குப் பிடித்தது நாவலின் வில்லி ஹட்சுமோமோவைத்தான். அந்தக் கெய்ஷா வீடே அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறது, ஆனால் மனசுக்குப் பிடித்தவனைப் பார்க்க மட்டும் அனுமதி கிடையாது. கொடுமைக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டைவிட்டுத் துரத்திய பிறகு அவளுக்கு என்ன ஆனது என்பது வெறும் வதந்தியாகச் சில வரிகளில் போய்விடுகிறது. அந்த வரிகளை யாராவது நாவலாக எழுதினால், கழுத்து வலித்தாலும் உட்கார்ந்து படிப்பேன்.