பினாங்கு முத்திரை

"இது பினாங்குதானா, பார் ஆத்தா."

அப்பத்தா இன்று காலை பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தபால்தலை. அதன்மேல் பாதி அழிந்த வட்ட முத்திரை. பினாங்குதான், 1938.

உள்ளே பிள்ளையார் சுழி, சிவமயம். ஐயாவின் அப்பச்சி, அதாவது என் தாத்தாவின் அப்பா, எழுதியது. மூன்று வருடக் கணக்குக்கு, அதாவது மூன்று வருடத் தவணையில் வட்டிக்கடை வேலைக்கு, கப்பலேறியவர் முதலில் கேட்டிருப்பது, கண்மாய் பெருகியதா என்று. கொடுக்கல் வாங்கல் பற்றிக் கடைசியில் ஒரே வரி.

அந்த முதல் வரியை மூன்று முறை படித்தேன்.

போன மாதம்வரை நானும் அதே ஊரில்தான் இருந்தேன். பன்னாட்டு உறவுகள் படிப்பில் ஒரு செமஸ்டர். செட்டியார்களின் வட்டிக்கடைகளான பழைய கிட்டங்கிகள் இருந்த பினாங்கு தெருவில் எத்தனையோ மாலைகள் நடந்திருக்கிறேன். வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது நானும் முதலில் மழையைத்தான் கேட்பேன்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் இன்றும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு. புரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, சம்பளம் நின்றால் யாரிடம் போவது என்று தெரியாமல் தவிப்பவர்கள் உண்டு. அவர்கள் வந்து நிற்கும் தூதரக மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருக்க வேண்டும். தமிழில் விசாரிக்க வேண்டும். அதற்காகத்தான், வெளியுறவுப் பணியில் சேர, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன்.

அப்பத்தாவிடம் சொன்னேன்.

"எத்தனை வருடம்?"

"ஒரு நாட்டில் ஏறக்குறைய மூன்று வருடம், அப்பத்தா."

"அதே கணக்குதான்" என்றார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.