“அதைத்தான் ஐயா பார்க்கிறோம்”

“இந்தக் குளிசை நல்லதா தம்பி?”

“அதைத்தான் ஐயா பார்க்கிறோம்.”

மட்டக்களப்பின் படுவான்கரையில், வயலோரத்து வாடி ஒன்றுக்குள் குந்தியிருந்து நான் சொன்ன பதில் அது. பொய் சொன்னேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வாட்டில் எலிக்காய்ச்சலோடு கிடந்தவர்களில் அநேகர், அது வராமல் தடுக்க வயலில் இறங்குபவர்களுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையை எடுக்காதவர்கள். அதை எழுதினாலே கட்டுரை ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். “காய்ச்சல் வராதவர்கள் எடுத்தார்களா?” என்று மேற்பார்வையாளர் கேட்டார். அத்தோடு அந்த ஆசை அடங்கியது. ஊரே எடுப்பதில்லை என்றால் வாட்டில் மட்டும் வேறு எப்படி இருக்கும்?

வலுவானது, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்றுக் குளிசை என்று குலுக்கல்போலப் பிரிக்கும் எழுமாற்றுச் சோதனைதான். பனாமாவில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர் 940 பேரிடம் நடந்து 1984இல் வெளிவந்த ஆய்வு அப்படிப்பட்டது. வாரம் 200 மில்லிகிராம் எடுத்த பக்கத்தில் நோய்வாய்ப்பட்டவர் ஒரே ஒருவர். வெற்றுக் குளிசைப் பக்கத்தில் 20 பேர். ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இலவசமாகக் கொடுக்கும் மருந்தைப் பாதிப்பேருக்கு மறைத்து மாவுக் குளிசையை நீட்ட எந்த ஒழுக்கவியல் குழு சம்மதிக்கும்? பெரும்போகம் முழுக்க விவசாயிகளைப் பின்தொடரலாம். சில நூறு பேரைத் தொடர்ந்தாலும் தேறும் நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரே நாளில் ஊருக்குள் போய்க் கேட்கும் குறுக்குவெட்டு ஆய்வில் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பது தெரியும். காய்ச்சல்காரரோ அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடப்பார். ஆகவே நோயாளியிடமிருந்து பின்னோக்கிப் போனோம். ஒவ்வொருவருக்கும் ஈடாக, அதே வயல்வட்டையில் அதே வேலை செய்து, காய்ச்சல் வராத இருவர்.

அந்த ஐயா அப்படி அகப்பட்டவர். சப்பாத்து இல்லை. குதிக்காலில் வெடிப்பு.

குளிசை பற்றிய கேள்வி படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. “நல்லது, எடுங்கள்” என்று முந்திச் சொன்னால், என் மனம் நோகக்கூடாதென்று “எடுத்தேன்” என்றுவிடுவார். எங்கள் ஆட்களின் மரியாதை அப்படி. ஏற்கெனவே இவ்வகை ஆய்வில் ஞாபகம் ஒரு தொல்லை: காய்ச்சலில் படுத்தவர் ஒவ்வொரு நாளையும் கிளறிப் பார்ப்பார், சுகமாக இருப்பவருக்குப் போன வெள்ளிக்கிழமையே மறந்திருக்கும். அதனால் வாயைக் கட்டினேன். இன்று போனாலும் அதைத்தான் செய்வேன்.

தவிர, பனாமாவில் சில வாரப் பயிற்சி. இங்கே விதைப்பிலிருந்து மாதக்கணக்கில் சேறு. குளிசை எடுப்பவர்தான் சப்பாத்தும் போடுகிறார், காயத்தையும் கட்டுகிறார் என்றால் பலனை எதன் கணக்கில் எழுதுவது? “பார்க்கிறோம்” என்றது நியாயமே.

அப்படியானால் அதே போகத்தில் என் அப்பா வயலில் இறங்கியபோது ஞாயிறு தவறாமல் இரண்டு குளிசையை அவர் கையில் ஏன் வைத்தேன்?

படிவம் முடிந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்வதுதான் முறையும்கூட, அதற்குப் பிறகு கெட்டுப்போக ஒன்றுமில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது, இன்னும் இரண்டு வாடிகள் மிச்சம் இருந்தன. “பரிசோதகரிடம் கேட்டு எடுங்கள் ஐயா” என்று சொன்னதாக ஒரு ஞாபகம். சுகமாக இருப்பவனின் ஞாபகம்.

போன கிழமை அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தேன். கடைசிக் கேள்விக்கு நேரே “இல்லை” என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே குறிப்புக்கென்று விட்ட நான்கு வரியும் வெறுமையாகவே கிடக்கின்றன.