அப்பாவின் பெயரில் இருந்த அம்மாவின் எண்

கைப்பேசி களவு போனால், அடையாள அட்டையான ஐசியையும் போலீஸ் புகாரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய எண்ணிலேயே புதிய சிம் அட்டை வாங்கிவிடலாம். அது அரை மணி நேர வேலைதான். ஆனால் அந்த எண் காலமாகிவிட்ட ஒருவரின் பெயரில் பதிவாகியிருந்தால் அலைச்சலுக்கு அளவே இராது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு இந்த நிலைமை வரக்கூடும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முன்கட்டண (ப்ரீபெய்ட்) எண்கள் அனைத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2006ஆம் ஆண்டில் அரசாங்கம் கட்டாயமாக்கியபோது, தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் குடும்பத் தலைவரே பட்டணத்துக் கடைக்குப் போய், வீட்டிலிருந்த எல்லா எண்களையும் தம்முடைய ஐசியில் பதிந்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டிலும் அப்பா அப்படித்தான் செய்தார். அவர் காலமான பிறகும் அம்மா அதே எண்ணுக்கு டாப் அப் செய்து பயன்படுத்தி வந்ததால், எண் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி எழவே இல்லை. இரவுச் சந்தையில் மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்த பை கைப்பேசியோடு பறிபோன அன்றுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்ததும் அம்மாவின் கணக்கை உடனே முடக்கிவிட்டார்கள். பணம் ஏற்கெனவே வெளியேறியிருந்தால் வங்கியை மட்டுமன்றி, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணையும் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

கைப்பேசிக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தக் கடவுச்சொல் கருவியை மட்டுமே காக்கும். சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் போட்டுவிட்டால், அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் திருடனின் கைக்கே போய்ச் சேரும். அன்றிரவே அம்மாவின் வாட்ஸ்அப் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. உறுப்பினராக இருந்த குழுக்களின் வழியே கூலிமிலும் கிள்ளானிலும் இருக்கும் உறவினர்களின் எண்களைப் பிடித்து, அவசரமாக 500 வெள்ளி வேண்டும் என்று மலாயில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அம்மா யாருக்கும் எழுதுவதில்லை. எதுவானாலும் குரல் பதிவுதான். "அக்கா எழுதவே மாட்டாங்களே, அதுவும் மலாயிலா?" என்று சித்திக்குச் சந்தேகம் வந்து, குடும்பக் குழுவில் எல்லோரையும் எச்சரித்துவிட்டார். அதனால் ஒருவரும் பணம் அனுப்பவில்லை. சித்திக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

எண்ணை முடக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அழைப்பு மையத்தைத் தொடர்புகொண்டபோது, உரிமையாளர் பேசினால்தான் முடக்க முடியும் என்று முதலில் பேசியவர் மறுத்துவிட்டார். உரிமையாளர் உயிரோடு இல்லை என்று எடுத்துச் சொல்லியும் அவர் அதே வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். திருடன் குறுஞ்செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படிப்பட்ட பதிலைக் கேட்பது எத்தனை வேதனை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். போலீஸ் புகார் கொடுத்துவிட்டு மீண்டும் அழைத்தபோது, வேறொருவர் புகார் எண்ணையும் அப்பாவின் ஐசி எண்ணையும் கேட்டுக்கொண்டு உடனே முடக்கினார். ஒருவர் மறுத்தால் அதோடு விட்டுவிடாமல், மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள்.

உண்மையான தொல்லை சேவை மையத்தில்தான் தொடங்கியது. பட்டணத்திலிருந்த முகவர் கடையில் உரிமையாளர் பெயர் மாற்றம் செய்ய இயலாது என்று சொல்லிவிட்டதால், அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே முகப்பில் இருந்த பெண், பதிவு செய்தவரின் அசல் ஐசி வேண்டும் என்றார். இறப்பைப் பதிவு செய்யும்போது இறந்தவரின் ஐசியான மைகாட்டைத் தேசியப் பதிவுத் துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது இந்நாட்டில் எல்லோரும் அறிந்த நடைமுறை. நாங்களும் ஒப்படைத்திருந்தோம், கையில் இருந்தது இறப்புச் சான்றிதழ் மட்டுமே. அப்படியிருக்க, சட்டப்படி எங்களிடம் இருக்கவே கூடாத ஓர் ஆவணத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இதை விளக்கிய பின்னர் உள்ளே போய்க் கேட்டு வந்து, இறப்புச் சான்றிதழோடு திருமணச் சான்றிதழும் இருந்தால் போதும் என்றார்.

திருமணச் சான்றிதழ் எங்களிடம் இல்லை. அம்மாவும் அப்பாவும் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் 1970களில் தாலி கட்டிக்கொண்டவர்கள். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களுக்கு அந்தச் சட்டம் குறையேதும் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தம்பதியர் பலரிடம் பதிவுத் தாள் இருக்காது என்பது தோட்டப்புறத்தை அறிந்த எவருக்கும் தெரியும். ஆனால் கணினித் திரையில் இருந்த பட்டியலில் அதற்கு இடமில்லை. "மக்சிக், சிஜில் கஹ்வின்?" (அம்மா, திருமணச் சான்றிதழ்?) என்று அவர் மறுபடியும் கேட்டபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பாவோடு குடும்பம் நடத்திய அம்மா பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அன்று வெறுங்கையோடுதான் திரும்பினோம்.

வழி காட்டியவர் அதே மையத்தின் மேற்பார்வையாளர். மறுமுறை போனபோது அவரிடமே நேரடியாகப் பேசினேன். பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை ஏற்றுக்கொள்வதாக அவர் சொன்னார். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிக் கொடுத்தபடியே பெயர்கள் பதிவாகின. என் பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தில் முடிகிறது. இறப்புச் சான்றிதழில் 'வொய்' என்ற எழுத்தில் முடிகிறது. இரண்டும் ஒருவரே என்று, 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ் பெசுருஹ்ஜாயா சும்பா எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் அம்மா ஓர் உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டுப் பத்திரங்களில் இத்தகைய எழுத்து வேறுபாடு இருந்தால், புறப்படும் முன்பே இந்தக் கடிதத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

போலீஸ் புகாரையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. முதல் புகாரில் கைப்பேசி பறிபோனது மட்டுமே இருந்தது. எண் காலமான கணவரின் பெயரில் பதிவானது, அதைப் பயன்படுத்தி வந்தவர் மனைவி என்ற விவரம் இல்லாததால் சேவை மையம் அதை ஏற்கவில்லை. கைப்பேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் புகாரில் சேர்ப்பது நல்லது. கருவி கையில் இருக்கும்போதே *#06# என்று அழுத்தினால் அந்த 15 இலக்க எண் திரையில் தெரியும். எங்களுக்கு அலமாரியில் கோவில் ரசீதுகளுக்கு அடியில் கிடந்த பழைய பெட்டிதான் கைகொடுத்தது. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில், பட்டைக் கோடுகளுக்குக் கீழே அந்த எண் அச்சிடப்பட்டிருந்தது. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

இத்தனை பாடு எதற்கு, புது எண் வாங்கிக்கொள்ளலாமே என்று அண்டை வீட்டார் கேட்டார்கள். கைவிடப்பட்ட முன்கட்டண எண்ணை நிறுவனம் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அம்மாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு, மருத்துவமனைத் தவணை, வங்கி ஆகிய எல்லாம் அந்த எண்ணோடு பிணைந்திருந்தன. குறுஞ்செய்தி வழி வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் (ஓடிபி) கைவிடுமாறு 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருந்தாலும், வேறு பல சேவைகள் இன்றும் கைப்பேசி எண்ணைத்தான் நம்புகின்றன. ஒவ்வொரு கணக்கிலும் எண்ணை மாற்றி முடிக்கும் முன் பழையதைக் கைவிடுவது ஆபத்தாகும்.

பத்திரங்கள் சேர்ந்த பிறகு பெயர் மாற்றமும் புதிய சிம் அட்டையும் ஒரே அமர்வில் முடிந்தன. வாட்ஸ்அப் மட்டும் உடனே திரும்பவில்லை. திருடன் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, தானே ஓர் ஆறு இலக்க எண்ணை வைத்திருந்தான். புதிய சிம்முக்கு வந்த குறியீட்டை உள்ளிட்டதுமே அவன் வெளியேற்றப்பட்டுவிட்டான்; ஆனால் அந்த ஆறு இலக்க எண் தெரியாததால் 7 நாள் காத்திருந்துதான் நாங்கள் உள்ளே போக முடிந்தது. அந்த எண்ணை முன்கூட்டியே நாமே வைத்துக்கொண்டால், சிம்மைத் திருடியவன் உடனே உள்ளே நுழைய முடியாது. சிம் அட்டைக்கும் கைப்பேசி அமைப்புகளில் பின் எண்ணை இயக்கலாம். மூன்று முறை தவறாக அழுத்தினால் பூட்டைத் திறக்கும் எட்டு இலக்க பக் (PUK) எண்ணைக் கேட்கும். அதைப் பத்து முறை தவறாக இட்டால் சிம் பயனற்றுப் போகும். ஆகவே சிம் வந்த அட்டையைப் பத்திரமாக வைத்து, தொடக்கப் பின் எண்ணை முகப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அன்றே செய்துகொடுத்தேன்.

உரிமையாளர் இறந்துவிட்டால் தேவைப்படும் ஆவணங்களின் பட்டியலை முகப்பிலேயே ஒட்டிவைக்க வேண்டும், அசல் ஐசியைக் கேட்பதை நிறுத்த வேண்டும், 1982க்கு முந்தைய திருமணங்களுக்குப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை ஏற்க வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன். தக்க பதில் வராவிட்டால், புகார் எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் கொண்டு செல்வேன்.