சங்கிலியின் நடுக்கண்ணியில் ஏழு மாதங்கள்

இங்கிலாந்தில் வீடு வாங்க விற்பவரோடு பேசி முடித்தால் போதும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் எங்களுக்கு விற்பவர் அந்தப் பணத்தில் வேறொரு வீட்டை வாங்கவிருந்தார். அந்த வீட்டுக்காரரோ இன்னும் கட்டி முடியாத புது வீட்டுக்காகக் காத்திருந்தார். எங்கள் பழைய ஃபிளாட்டை வாங்க வந்த இளம் தம்பதியையும் சேர்த்தால், நான்கு குடும்பங்கள் ஒரே நாளில் இடம் மாற வேண்டிய சங்கிலி அது.

1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் கையொப்பமாக வேண்டும் என்பதால், விலை பேசி ஒப்புக்கொண்ட பின்னும் வழக்கறிஞர்கள் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை எவரும் காரணம் சொல்லாமலே விலகிவிடலாம். பரிமாற்றத்தின்போதுதான் வழக்கமாக 10 சதவீத முன்பணம் கைமாறுகிறது. யாராவது விலகினால், அதுவரை கட்டட ஆய்வுக்கும், வீட்டைப் பற்றிய பதிவுகளைச் சரிபார்க்கும் சட்டத் தேடல்களுக்கும் நாம் செலவழித்தது நம்முடைய நஷ்டக் கணக்கில்தான்.

புது வீடு தள்ளிப்போகத் தள்ளிப்போக, இளம் தம்பதியின் வங்கிக் கடன் ஒப்புதல் காலாவதியாகும் நாள் நெருங்கியது. வீட்டு விற்பனை முகவரோ "அடுத்த வாரம்" என்பதை ஒரு மந்திரமாகவே ஓதிக்கொண்டிருந்தார். ஒருவர் வாடகை வீட்டுக்குப் போனால் சங்கிலி சுருங்கும் என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டு, எங்களுக்கு விற்பவர் வாடகை வீட்டுக்குப் போனால் அவருடைய ஆறு மாத வாடகையில் பாதியை ஏற்பதாகச் சொன்னோம். மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. எனக்கு இன்றும் அது மலிவாகவே தோன்றுகிறது. இரண்டு வாரங்களில் ஒப்பந்தங்கள் கைமாறின.